வண்டிப்பாதை வழக்கில் ராஜா ஆஜர்

திருப்புலிவனம்,
உத்திரமேரூர் வழி.
துன்மதி வருஷம் பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை.

என் தங்கை தேவகியின் மஞ்சள் குங்குமத்துக்குக் காவலான மாப்பிள்ளை, செங்கல்பட்டு வக்கீல் குமாஸ்தா தாமோதரன் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் கன்னியப்பன் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் கோவிந்தம்மாளும் அம்மன் கிருபையில் நலம். கறவை மாடு நலம். வண்டிக் காளை இரண்டில் மயிலை நலம். செவலைக்கு உடம்பு நலம், பேருக்குத்தான் கொஞ்சம் பங்கம். அவ்விடம் தாங்களும் தேவகியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். தேவகிக்கு மூச்சிரைப்பு விட்டதா? பனிக்காலம் போய்விட்டதே, இனிமேல் விட்டிருக்கும். வெயில் ஏறுவதற்குள் ஒரு நடை வந்து போகச் சொல்லவும்.

தாங்கள் போட்ட கார்டு வந்தது. 'வக்கீல் இல்லாமல் கோர்ட்டுப் படி ஏறாதீர்கள்' என்று சிவப்பு மசியில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தீர்கள். கார்டு ஆனபடியால் தபால்காரர் எனக்கு முன்னாலேயே படித்துவிட்டு, "மாப்ள சொல்றது நாயம்தாம்பா" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். டீக்கடையில், ரேஷன் கடையில், ஏரி மதகில், எல்லாரும் அதையே சொன்னார்கள். தாங்கள் சொன்னதை நான் தட்டியது இதுதான் முதல் தடவை. கோபப்படாமல் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்கவும். கல்யாணமான புதிதில் நம் ஊர்க் கூத்துக்கு வந்து, நான் ராஜா வேஷத்தில் திரைக்கு வெளியே வருவதற்குள் தூங்கிவிட்டீர்களே, அதுபோலப் பாதியில் தூங்கிவிட வேண்டாம். அதில் எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை, சும்மா ஞாபகப்படுத்தினேன்.

தேவகி தங்களிடம் இந்த வழக்கை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். 'அண்ணனுக்கும் வீராசாமி அண்ணனுக்கும் கத்திரிக்காய்ச் சண்டை' என்று ஒரே வரியில் முடித்திருப்பாள். அது அப்படி இல்லை மாப்பிள்ளை. ஏரிக்குக் கீழே இருக்கிற நம் நஞ்சைக்குப் போக ஒரே ஒரு வண்டிப்பாதைதான். அது வீராசாமி நிலத்து ஓரமாகப் போகிறது. என் தாத்தா வண்டி அதில் போனது, நைனா வண்டி போனது, என் வண்டியும் போய்க்கொண்டிருந்தது. ஐப்பசியில் வீராசாமி அந்தப் பாதையை ஒட்டிக் கத்திரி நட்டான். நட்டது அவன் நிலத்தில்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் செடிகள் இருந்த இருப்பைப் பார்த்தால் மனுஷனுக்கே கை ஊறும், செவலை என்ன செய்யும்? வாயில்லா ஜீவன் என்கிறார்கள். அதற்கு இருக்கிற வாயைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வண்டி போகிற போக்கில் கழுத்தை நீட்டி ஒரு செடி, திரும்பி வருகிறபோது ஒரு செடி என்று இழுத்துப் போட்டுக்கொண்டது. வீராசாமி வந்து சொன்னான். "மாடு தானேடா" என்றேன். மறுபடியும் வந்து சொன்னான். மறுபடியும் "மாடு தானேடா" என்றேன். அதற்கப்புறம் அவன் வந்து சொல்லவில்லை. வேலிக்காத்தான் முள்ளை வண்டி வண்டியாக வெட்டிக்கொண்டு வந்து பாதைக்குக் குறுக்கே அடைத்துவிட்டான். நான் ஓடிப்போய், "இன்னாடா இது, நாயமா?" என்று கேட்டதற்கு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "முள்ளு தானேடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. அவன் தோட்டத்துக் காய் என் வீட்டு அடுப்பில் ஏறக் கூடாது என்று கோவிந்தம்மாளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டேன். அவள் சந்தையில் வாங்கி வந்த கத்திரிக்காயைத்தான் இத்தனை மாதமும் நான் சாப்பிட்டேன்.

தை அறுப்புக்கு வண்டி போக வழியில்லை. நெற்கட்டுகளைத் தலைமேல் தூக்கி ஏரிக்கரையைச் சுற்றிக் களத்துக்கு வந்தோம். கோவிந்தம்மாள் கழுத்து இன்னும் ஒரு பக்கமாகத்தான் திரும்புகிறது. என்னைத் திட்டுவதானால்கூட உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டுதான் திட்டுகிறாள். இப்போது நவரைப் பட்டத்து நெல் கதிர் பிடித்து நிற்கிறது. சித்திரைக்குள் பாதை திறக்காவிட்டால் மறுபடியும் தலைச்சுமைதான். அந்தக் கழுத்தோடு அவளை இன்னொரு அறுப்புக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

இது ஒரு கஷ்டம். இன்னொரு கஷ்டம் உண்டு, அதை எழுதப் பிராதில் இடம் கிடையாது. நம் ஊர்க் கூத்து ஜமாவில் இருபது வருஷத்துக்கு மேலாக நான் ராஜா வேஷம், வீராசாமி கட்டியக்காரன். ராஜா ஒரு வரி சொல்லி நிறுத்துவான், கட்டியக்காரன் "ஆமாம் ராஜா!" என்று எடுத்துக் கொடுப்பான், அப்புறம்தான் அடுத்த வரி. எனக்கு வசனம் மறந்துபோனால் என் தொந்தியைப் பற்றி ஏதாவது கேலி பேசி ஜனங்களைச் சிரிக்க விட்டு, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் விட்டுப்போன சொல்லை என் காதில் போட்டுவிடுவான். ஒரு நாளும் என்னை நடுச்சபையில் நிற்க விட்டதில்லை. வைகாசியில் அம்மன் திருவிழா வருகிறது. ஜமாக்காரர்கள் "வேற ஆளு பாத்துக்கலாம் வுடு" என்றார்கள். வேறு ஆளா? எவனையாவது கூட்டிவந்து "ஆமாம் ராஜா" சொல்லவைத்துவிடலாம்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை, பாதை அடைபட்டதைவிட, காலையில் டீக்கடை பெஞ்சியின் அந்தக் கோடியில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அவனிடம் நேராகப் போய்ப் பேசியிருக்கலாமே என்பீர்கள். யார் முதலில் பேசுவது? ராஜா பேசுவதா? கோர்ட்டு என்றால் இரண்டு பேரும் பேசித்தானே ஆகவேண்டும்! கேஸ் போடுகிறேன் என்று நான் சொன்னதும் கோவிந்தம்மாள் உடம்பைத் திருப்பி, "கூட்டாளிகிட்ட பேசறதுக்கு கவுருமெண்டு கட்டடம் வோணுமா உனுக்கு?" என்று கேட்டாள். பெண்பிள்ளைகளுக்குச் சட்டம் தெரியாது.

தாங்கள் குறித்து அனுப்பிய காஞ்சிபுரம் வக்கீலை நான் போய்ப் பார்க்காமல் இல்லை. நல்ல மனுஷர், மோர் கொடுத்தார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கடைசியில், "பெரியவரே, கோர்ட்டுல நீங்க வாயே திறக்க வேணாம், எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக ஊர் ஊராக வாயைத் திறந்து பேர் எடுத்தவனை வாயைத் திறக்காதே என்றால்? என் வேஷத்தை இன்னொருத்தர் கட்டிக்கொண்டு ஆடினால் அது யார் கூத்து? கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்து, கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவரிடம் பிராது எழுதி வாங்கி நானே தாக்கல் செய்தேன். இந்தச் சேதி ஊருக்குப் போனதும் வீராசாமி டீக்கடையில், "ராஜாவே தனியா வராராம், கட்டியக்காரனுக்கு இன்னாத்துக்குடா வக்கீலு? நானே பேசிக்கிறேன்" என்று சொன்னானாம். அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது. கூடவே ஏனோ ஒரு சந்தோஷமும் வந்தது.

அன்றிலிருந்து மாட்டுக் கொட்டகையில் எனக்கு ஒத்திகை. செவலைதான் முன்சீப். பக்கத்தில் ஆட்டுக்கல்லில் கோவிந்தம்மாள் மாவாட்டிக்கொண்டே, நான் ஒரு வரி சொல்லி நிறுத்தும்போதெல்லாம் "உம்" கொட்டினாள். வசனம் தடங்கலில்லாமல் கரைபுரண்டு போனது. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருநாள் அவள் குழவியை நிறுத்திவிட்டு, "ஏய்யா, நான் இங்க உம் கொட்டறேன், கோர்ட்டுல யாரு உனுக்கு உம் கொட்டுவாங்க?" என்று கேட்டாள். "கோர்ட்டே வாயப் பொளந்துகினு கேக்கும்டி, நீ ஆட்டு" என்றேன். அவள் சொன்னதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வாய்தா அன்று விடியற்காலையில் எழுந்து தலைமுழுகி, ஜரிகைக்கரை வேட்டி கட்டிக்கொண்டேன். அரிதாரம் பூசிக்கொண்டு போனேன் என்று யாராவது தேவகியிடம் சொல்லியிருந்தால் நம்பவேண்டாம். மீசைக்கு மட்டும் கொஞ்சம் மை, அவ்வளவுதான். கோவிந்தம்மாள் சாப்பாட்டு மூட்டையைக் கையில் கொடுத்து, "அங்க போய் அவுத்துப் பாரு, வழியில அவுக்காத" என்றாள். பஸ்ஸில் ஏறினால் ஒரே ஒரு இடம் காலி, வீராசாமி பக்கத்தில். நின்றுகொண்டே போயிருப்பேன். ஆனால் கண்டக்டர் நம் கூத்துக்கு வருகிற ஆள். அவர் என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, "இன்னாப்பா, ராஜாவும் கட்டியக்காரனும் ஒண்ணா கெளம்பிட்டீங்க? எந்த ஊர்ல கூத்து?" என்று கேட்டார். வீராசாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "முன்சீப் கோர்ட்டுல. பகல் கூத்து" என்றான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது மாப்பிள்ளை. வாதி சிரித்தால் வழக்கு நிற்குமா? மீசையைத் தடவுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டேன். மீசை மை கையில் ஒட்டியது, கையிலிருந்து வேட்டியில் ஒட்டியது, வேட்டியிலிருந்து பிராதுக் காகிதத்தில் ஒட்டியது. காஞ்சிபுரத்தில் இறங்கி இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக ஒரே வேகத்தில் நடந்தோம். நான் நின்றால் அவன் நின்றான். அவன் நின்றால் நான் நின்றேன். பேசவில்லை.

கோர்ட்டில் வெகுநேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம் டவாலி வாசலில் நின்றுகொண்டு என் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டதுமே என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வலது காலை எடுத்து வைத்து, கூண்டுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றித்தான் நின்றேன். நின்ற பிறகுதான் ஐயையோ என்று இருந்தது. முன்சீப் அய்யா சின்ன வயசு, கண்ணாடி போட்டவர், தங்கமான முகம். "உங்க வக்கீல் யாரு?" என்று கேட்டார். "நானே!" என்றேன். ஜன்னலில் இருந்த புறா பறந்துபோனது. "பக்கத்துலதானே இருக்கேன், மெதுவா சொன்னா போதும்" என்றார். சத்தியப் பிரமாணம் வாங்கினார்கள். டைப் அடிக்கிற பெண் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் அம்மனை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "ஏரிநீர் பாயும் எங்கள் ஊரிலே, பாட்டன் காலந்தொட்டு, எங்கள் வண்டி போன பாதை ஒன்று உண்டு!" என்று சொல்லி நிறுத்தினேன்.

ஒரு சத்தமும் இல்லை. மேலே காத்தாடி சுற்றியது. முன்சீப் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "சரி, மேல சொல்லுங்க" என்றார். மாப்பிள்ளை, அடுத்த வரி வரவில்லை! எனக்கு மறந்துபோகவில்லை, தொண்டையில்தான் நிற்கிறது, யாராவது ஒரு வார்த்தை சொன்னால் வெளியே வந்துவிடும், ஆனால் யாரும் சொல்லவில்லையே! முதல் வரியையே மறுபடியும், இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். "அதான் சொல்லிட்டீங்களே பெரியவரே, அடுத்தது?" என்றார். மூன்றாம் தரமும் அதே வரியைச் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த வக்கீல்கள் சிரித்தார்கள். வியர்வை வழிந்து, மீசை மையும் அதோடு கிளம்பி, வாய் ஓரமாக இறங்கியது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். எனக்குத் தண்ணீர் வேண்டாம், ஒரே ஒரு 'உம்' போதும் என்று எப்படிச் சொல்வது? முன்சீப் அய்யா பேனாவை மூடிக்கொண்டு, "சொல்றதுக்கு வேற எதுவும் இல்லேன்னா உங்க சாட்சியத்த இதோட முடிச்சுக்கலாமா?" என்றார். கோவிந்தம்மாள் கழுத்து கண்முன்னால் வந்தது. தங்கள் கார்டும் அதன் சிவப்பு மசியும் வந்தன. நான் அவ்வளவு பெரிய சபையில் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

அப்போது இடது பக்கத்திலிருந்து கணீரென்று ஒரு குரல்: "ஆமாம் ராஜா!"

வீராசாமிதான். அவ்வளவுதான் மாப்பிள்ளை, மதகு திறந்துகொண்டது. "அந்தப் பாதையிலே என் நைனாவின் வண்டியும் தடையின்றிப் போனது!" என்றேன். "ஆமாம் ராஜா, எந்தத் தடையும் இல்ல!" என்றான். "ஒருவரும் மறித்ததில்லை!" "ஆமாம் ராஜா, ஒரு பய மறிச்சதில்ல!" "அப்படிப்பட்ட பாதையிலே, கார்த்திகை மாதத்திலே, முள்ளை வெட்டிக் குறுக்கே அடைத்தார்கள்!" "ஆமாம் ராஜா, நான்தான் அடைச்சேன்!" கோர்ட்டே நிமிர்ந்து உட்கார்ந்தது. டைப் அடிக்கிற பெண் விரலை எடுத்துவிட்டு, "அய்யா, 'ஆமாம் ராஜா'ங்கறதையும் சேத்து அடிக்கணுங்களா?" என்று கேட்டாள். முன்சீப் அய்யா என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு வீராசாமியைப் பார்த்து, "நீங்க பிரதிவாதிதானே? என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

வீராசாமி நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்புறம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அய்யா, அவரு நின்னுட்டாருங்க. அவரு நின்னா நான் சொல்லணும். இருவது வருசமா வயக்கங்க" என்றான். "இது கோர்ட்டு. அவர் உங்க மேல கேஸ் போட்டிருக்கார். நீங்க ஒப்புக்கிட்டா நான் இப்பவே தீர்ப்பு எழுதிடலாம், தெரியுமா?" என்று அவர் கேட்டார். அதற்கு இவன், "கேஸு போட்டுக்கீறாருன்னு தெரியுங்க. அதுக்கோசரம் இத்தினி பேரு எதுருல அவர அப்படியே வுட்டுட முடியுங்களா?" என்றான். இவனோடா நான் இத்தனை மாதம் பேசாமல் இருந்தேன் என்று அழுகை வந்துவிட்டது. மீசை மை உதட்டுக்குள் போய்க் கசந்தது.

முன்சீப் அய்யா பிறகு, வாதியான என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறீர்களா என்று அவனைக் கேட்டார். அவன் முன்னால் வந்து, கட்டியக்காரன் நிற்கிற மாதிரியே இடுப்பை ஒடித்து நின்றுகொண்டு, "ராஜாதி ராஜனே! உம்மோட செவலைக் காளை என் கத்திரியத் தின்னது உண்டா, இல்லியா?" என்று கேட்டான். இந்தக் கேள்விக்கு நான் கொட்டகையில் தயார் செய்து வைத்திருந்த பதில் வேறு: 'மேய்ந்ததற்குச் சாட்சி உண்டா?' என்று திருப்பிக் கேட்பதாக இருந்தேன். ஆனால் கட்டியக்காரன் அப்படி நின்று கேட்டால் ராஜா என்ன சொல்வான்? "உண்டு!" என்றேன். "ஒரு செடியா, ரெண்டு செடியா?" என்றான். குறைத்துச் சொன்னால் ராஜா வேஷத்துக்கு மரியாதை என்ன? "ஒரு பாத்தி முழுவதும்!" என்று கையை வீசிச் சொன்னேன். பின்னால் ஒரு வக்கீல் சிரித்த சிரிப்பில் பெஞ்சியிலிருந்து நழுவி விழுந்துவிட்டார். வீராசாமி சிரிக்கவில்லை. குரலை இறக்கி, "அத்த நான் ரெண்டு தபா வந்து சொன்னப்போ நீ இன்னா சொன்ன?" என்று கேட்டான். அது கூத்துக் குரல் இல்லை. எனக்கும் ராஜா குரல் வரவில்லை. "மாடு தானேடான்னு சொன்னேன்" என்று மெதுவாகத்தான் சொன்னேன். முன்சீப் அய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேரும் வெளியே மரத்தடியில உக்காந்து பேசிட்டு வாங்க. மத்தியானம் ராஜி எழுதிக் குடுக்கறீங்களா, இல்ல நான் தீர்ப்பு எழுதட்டுமான்னு சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். நல்ல பசி. சாப்பாட்டு மூட்டையை அவிழ்த்தேன். உள்ளே இரண்டு பொட்டலம்! புளிச்சோறு, அதற்குப் பக்கத்தில் எண்ணெய் மினுங்க கத்திரிக்காய் வதக்கல். ஒரு பொட்டலத்தை அவன் பக்கம் தள்ளினேன். அவன் ஒரு துண்டை வாயில் போட்டான், மென்றான், நிறுத்தினான். இன்னொரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னாடா இது, என் தோட்டத்துக் காயி!" என்றான். "இல்லடா, சந்தையில வாங்கினது" என்றேன். "என் காய எனுக்குத் தெரியாதா? எந்தச் சந்தையிலடா என் காயி கீது? இந்த வாரம் நான் இன்னும் மூட்டையே கட்டல!" என்றான். அப்போதுதான் இரண்டு பேருக்கும் விஷயம் விளங்கியது, ஊருக்கு வந்து கேட்டபோது இரண்டு பெண்பிள்ளைகளும் ஒப்புக்கொண்டார்கள். அவன் சம்சாரம் சொக்கம்மாள் அந்த முள்வேலிக்கு மேலாகவே முறத்தை நீட்டிக் காய் கொடுக்க, என் வீட்டுக்காரி இந்தப் பக்கம் நின்று முந்தானையில் வாங்கி வந்திருக்கிறாள். செடி காய்க்க ஆரம்பித்த நாளிலிருந்தே இது நடந்திருக்கிறது மாப்பிள்ளை! நான் கேஸ் போட்டுவிட்டு வந்த அன்று ராத்திரி சாப்பிட்டதும் பிரதிவாதி கத்திரிக்காய்தான். "ருசியா இருந்துதாடா?" என்று கேட்டான். "இன்னொரு கரண்டி போட்டுகினேன்டா" என்றேன். அப்புறம் இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து, டவாலி வந்து அதட்டுகிற வரைக்கும் நிறுத்த முடியவில்லை.

ராஜி எழுத அதிக நேரம் ஆகவில்லை. முள்ளை அவன் எடுத்துவிடுவது. கத்திரிப் பக்கம் இரண்டு பேரும் சேர்ந்து படல் கட்டுவது. செவலை அந்தப் பாதையில் போகிறபோதெல்லாம் வாய்க்கூடை போட்டுக்கொண்டுதான் போவது. முன்சீப் அய்யா படித்துப் பார்த்து, சம்மதமா என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே குரலில் "ஆமாம் அய்யா" என்றோம். வெளியே வருகிறபோது கூப்பிட்டு, கூத்து எப்போது என்று விசாரித்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் இடம் தாராளமாக இருந்தும் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நேற்றைக்கு முள்ளை எடுத்தாகிவிட்டது. இன்று காலை கோவிந்தம்மாளைக் நஞ்சை வரைக்கும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்வந்தேன். அவள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தாள், அதாவது பார்க்க முடிந்த மட்டும்.

ஆகவே மாப்பிள்ளை அவர்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், வக்கீல் என்பது வாய் இல்லாதவர்களுக்குத்தான். தன் கட்சியைத் தானே எடுத்துச் சொல்லத் தெரிந்தவனுக்கு ஒருத்தர் துணையும் தேவையில்லை. இதைத் தாங்கள் தங்கள் வக்கீல் அய்யாவிடமும் பதனமாக எடுத்துச் சொல்லலாம். தேவகியின் தலைமேல் என் கையை வைத்ததாகச் சொல்லவும். குழந்தைகள் நன்றாகப் படித்து, வாய்விட்டுப் பேசி, தங்களைப்போல மரியாதை தெரிந்தவர்களாக வளர அம்மன் துணை இருப்பாள். வைகாசிக் கூத்துக்குக் குடும்பத்தோடு வரவும். தூங்குவதற்குப் பாய் நானே போடுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்பு மறவாத மைத்துனன்,
கன்னியப்பன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் வீராசாமியை உட்கார வைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். 'ஒருத்தர் துணையும் தேவையில்லை' என்ற இடம் வரைக்கும் வரிக்கு வரி ஒழுங்காக "ஆமாம் ராஜா" சொல்லிக்கொண்டு வந்தவன், அந்த இடத்தில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். "அப்போ நான் ஆருடா? நான் மட்டும் வாயத் தொறக்கலேன்னா நீ இன்னும் அந்தக் கூண்டுலயே பாட்டன் வண்டிய ஓட்டிக்கினு இருந்திருப்ப! உனுக்கு அங்க வக்கீலு நான்தான். வக்கீலுக்கு பீஸு இல்லியா? காசு எனுக்கு வோணாம். இந்த வைகாசிக்கு ராஜா வேசம் எனுக்கு, நீ கட்டியக்காரன்!" என்கிறான். உள்ளேயிருந்து கோவிந்தம்மாள், "நாயந்தான் அண்ணா, நல்லா கேளு" என்கிறாள். இத்தனை வருஷம் கட்டிய கிரீடத்தை இவனுக்கு விடுவதா? மறுபடியும் கோர்ட்டுக்குப் போவேன், இந்தத் தடவை மாப்பிள்ளை சொன்ன வக்கீலையே வைப்பேன் என்று சொல்லத்தான் எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, வாயைத் திறந்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தான் பாவி. முகத்தில் அப்படி ஒரு ஆசை. கிரீடம் வைத்தால் இவனும் நல்லாத்தான் இருப்பான் என்று தோன்றிவிட்டது.

"ஆமாம் ராஜா" என்றுதான் வந்தது.